உதட்டை அசைக்காமல்

உதட்டை அசைக்க வேண்டாம் என்று திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்து சொன்னபோது ஹெப்சிபாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். பிறந்ததிலிருந்து வாயை மூடு, வாயை மூடு என்று கேட்டே காது மரத்துப்போன பொம்பளையிடம், முகம் தெரியாத யாரோ, எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களும் வந்து அதையே சொன்னால் எப்படி இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மடிக்கணினியின் நெற்றியில் உளுந்து அளவுக்கு ஒரு கேமரா, அதற்குப் பின்னால் ஒரு கண், அவ்வளவுதான். வீட்டிலிருந்தே எழுதலாம், ரொம்ப வசதி என்று ஆசைகாட்டிவிட்டு, கிட்டே வந்து பார்த்தால் கதவைச் சாத்து, கைக்கடிகாரத்தைக் கழற்று, காதைக் காட்டு, மேசைக்கு அடியில் காட்டு, நாலு சுவரையும் படம் எடுத்து அனுப்பு. யாராவது உள்ளே வந்தால் பரீட்சை ரத்து, நீ திரையைவிட்டு விலகினால் ரத்து, பேச்சுச் சத்தம் கேட்டால் ரத்து. இப்போது உதடு. பேசவில்லை ஐயா, படிக்கிறேன் என்று அந்தப் பெட்டியில் தட்டலாமா என்று நினைத்தாள், தட்டினால் அதற்கும் நேரம் போகும் என்று விட்டாள். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்குப் படிப்பு என்றால் வாய்தான். வகுப்பே ஒரே குரலில் இரைந்து படிக்கும், எவள் உதடு அசையவில்லையோ அவள் உச்சந்தலையில் டீச்சரின் குட்டு விழும். அன்றைக்கு அசைக்காவிட்டால் குட்டு, இன்றைக்கு அசைத்தால் ரத்து. நல்ல நியாயம்தான் போங்கள். இங்கிலீஷில் இருக்கிற கேள்வியை வாயில் போட்டுத் தமிழில் ஒரு மெல்லு மெல்லினால்தான் அது அவளுக்குத் தொண்டையில் இறங்கும், காலேஜிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த இத்தனை வருஷமும் அப்படித்தான். கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். கவ்வியபடியே கேள்வியைத் திரும்பப் படித்தாள்.

ரத்தாகக் கூடாது. இன்றைக்கு மட்டும் ரத்தாகக் கூடாது. வாசலில் லாரி நிற்கிறது. பீரோ, கட்டில், மகள் பெனிட்டாவின் சைக்கிள், தையல் மிஷின் எல்லாம் ஏறிவிட்டன, வீட்டில் மிச்சம் இருப்பது இந்த மேசையும் அவள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். ஏற்றின சாமானுக்கு இன்னும் ஊர் முடிவாகவில்லை. உலகத்தில் எந்த லாரியாவது எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமல் பாரம் ஏற்றிக்கொண்டு நின்றதுண்டா? பாளையங்கோட்டையில் நிற்கிறது, வந்து பாருங்கள். தெருமுனையில் வலது பக்கம் திரும்பினால் மதுரை ரோடு பிடித்துக் கோயம்புத்தூர், அங்கே ஹெப்சிபாவுக்கு வேலை. இடது பக்கம் திரும்பினால் மூக்குப்பீறி, அங்கே அவள் புருஷன் தனசிங்கின் அக்கா மேபல் மதினியின் வீட்டு மாடி. ஹெப்சிபா பாஸானால் வலது, பெயிலானால் இடது. டிரைவர் அண்ணாச்சி காலையிலிருந்து எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டாராம். இருக்கிற வீட்டை விட்டாக வேண்டும், வீட்டுக்காரருடைய மகன் குடும்பத்தோடு வருகிறான். தனசிங் வேலை பார்த்த மோட்டார் கடை ஷட்டரை இறக்கிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர், செய்தது முக்கால்வாசி முன்னேற்ற அட்டை அச்சடிப்பும் தாளாளரின் பிரிண்டரில் சிக்கின காகிதத்தை உருவுவதும். போதும் என்று அவளேதான் எழுந்து வந்தாள். கிளவுட் படித்தாள். ஊரில் உள்ள கம்பெனிகளின் தகவல்கள் எல்லாம் எங்கோ இருக்கிற பெரிய கணினிக் கூடங்களில் பத்திரமாக இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் இவள் என்று சொல்வதற்கு ஒரு சான்றிதழ், அதற்குத்தான் இந்தப் பரீட்சை. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் அது கையில் இருந்தால்தான் வா என்று சொல்லவே இல்லை. வேலையில் சேருங்கள், ஆறு மாதத்துக்குள் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆறு மாதம். இன்றைக்கே என்று சொன்னது யார்?

சொன்னது யாருமில்லை, அவள் வாய்தான். அதை நினைத்தால் இப்போதும் தன் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல இருக்கிறது. கோயம்புத்தூர் வேலை கிடைத்த அன்றைக்குத் தனசிங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே தனக்கும் ஒரு ஸ்டோரில் வேலை அகப்படாமலா போகும் என்றான், பெனிட்டாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அப்போதே ஆரம்பித்துவிட்டான். பிறகு அக்காவுக்குப் போன் பண்ணினான். அங்கேதான் கதை திரும்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேபல் மதினி நேராக இங்கே வந்துவிட்டாள். பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்து ஜெபம். மதினியின் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் சபையில் உள்ள நோயாளிகள் பேர்பேராக, அப்புறம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், அப்புறம் மழை, அதற்குப் பிறகுதான் சொந்த விஷயம். மழைக்கு வருவதற்குள் அடுப்பில் குக்கர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஹெப்சிபாவின் கண் மூடியிருந்தது, காது குக்கரில் இருந்தது. கறி கரைந்துபோகுமே, எத்தனை விசில் வந்தது, இது ரெண்டாவதா மூன்றாவதா என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மதினி முழங்கினாள்: "ஆண்டவரே, உமக்குச் சித்தமானா இவ இந்தப் பரீட்சையில தேறட்டும். சித்தமில்லன்னா இந்தக் குடும்பத்த எங்க வீட்டுக்கே கொண்டுவந்து சேரும்." எல்லாரும் ஆமென் என்றார்கள். ஹெப்சிபாவும் ஆமென் என்றாள். எதற்கு என்று தெரியாமலே சொன்னாள். பெரியவர்கள் ஜெபம் இறங்கி முடிகிற தொனி வந்ததும் வாய் தானாகத் திறந்து ஆமென் சொல்லும், பால்குடி மறந்த நாளிலிருந்து பழக்கம், அதற்கு மண்டையின் அனுமதியே தேவையில்லை. கண்ணைத் திறந்த மதினி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, அப்பம் சரி, ஆண்டவர் கையில குடுத்தாச்சு, நீயும் ஆமென் சொல்லிட்ட என்றாள். என்ன சொன்னோம் என்று ஹெப்சிபா தனசிங்கின் முகத்தைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். அடுப்பில் கறி கரைந்துதான் போயிருந்தது.

திரையில் ஒரு நிறுவனம் தன் பழைய கட்டிடத்தில் இருக்கும் தகவல்களை எல்லாம் கிளவுடுக்கு மாற்ற விரும்புகிறது. இடையூறு மிகக் குறைவாக இருக்க வேண்டும். எது சிறந்த வழி? அப்படியே மொத்தமாகத் தூக்கி வைப்பதா, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதா, தேவையில்லாததைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவதா, புதிதாகவே கட்டிக்கொள்வதா. நாலும் சரிபோலத்தான் இருக்கிறது, இந்தப் பாவிகள் அப்படித்தான் கேட்பார்கள். மிகக் குறைவான இடையூறு. யாருக்கு இடையூறு? அந்த நிறுவனத்துக்கு ஒரு மதினி இருந்தால் தெரியும். போன வாரம் முழுக்க இதே கேள்விதானே வீட்டில். கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவை எடுக்கவா விடவா, கால் ஆடுகிற ஸ்டூலை எடுக்கவா விடவா. மதினி வந்து நின்று எல்லாவற்றையும் எடு என்றாள், மாடியில இடமா இல்ல? அட்டைப்பெட்டிகளின் மேல் பெனிட்டா ஸ்கெட்ச் பேனாவால் சமையல், துணி, புத்தகம் என்று எழுதினாள், ஊர்ப் பேரை மட்டும் எழுதாமல் விட்டாள், அந்தப் பிள்ளைக்கு இருக்கிற அறிவு யாருக்கும் இல்லை. ஹெப்சிபா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள், பிறகு இரண்டாவதுக்கு மாற்றினாள், பிறகு வெறும் சுவரைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, கண் திரையைவிட்டு அலைந்தால் அதற்கும் பெட்டி திறக்கும். அந்தச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. காலையில் படம் எடுத்து அனுப்பியபோது, சுவரில் எழுத்து இருக்கிறது, அகற்றவும் என்று செய்தி வந்தது. எழுத்து என்ன எழுத்து, புதுவருஷ ஆராதனையில் கொடுத்த பைபிள் வசன அட்டைதான். அதைப் பார்த்து யார் என்ன காப்பியடிக்க முடியும்? ஆனாலும் ஆணியைவிட்டுக் கழற்றிக் கதவு இடுக்கு வழியாக நீட்டினாள், வாங்கினது மதினியின் கை. வசனத்தக் கழத்திட்டுத்தான் எழுதணுமோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

மதினி கெட்டவள் என்றால் எவ்வளவு சுலபம். நாலு பேச்சு பேசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் தாய் செத்த வீட்டில் தனசிங்கை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பெனிட்டா பிறந்து வயிற்றுத் தையலோடு ஹெப்சிபா படுத்துக்கிடந்தபோது ஊரையும் வீட்டையும் விட்டுவந்து பீத்துணி அலசினவள். அவள் பெற்ற இரண்டு மகன்களும் வெளிநாட்டில், மாடி பூட்டிக் கிடக்கிறது, அவள் புருஷன், தனசிங்கின் அத்தானோ, கடையே கதி என்று இருக்கிறார். அந்த மாடிப்படியில் ஒரு பிள்ளை ஏறி இறங்குகிற சத்தம் கேட்க வேண்டும் அவளுக்கு. அதற்கு வெட்கத்தைவிட்டு வா என்று கூப்பிட்டிருந்தால்கூட ஹெப்சிபா ஒருவேளை இரங்கியிருப்பாள். கூப்பிடவில்லையே, ஆண்டவரை அல்லவா முன்னால் நிறுத்திவிட்டாள். தனசிங்குக்கு அத்தானின் ஹார்டுவேர் கடையில் உட்கார ஒரு இடம். ஹெப்சிபாவுக்கு? சண்டே ஸ்கூல் எடுக்கலாம், மாதர் சங்கத்துக்கு நோட்டீஸ் டைப் அடிக்கலாம். நல்லா டைப் அடிப்பா என்று மதினி இப்போதே அங்கே சொல்லிவைத்தாயிற்றாம். மூக்குப்பீறி நல்ல ஊர்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முப்பத்தொன்பது வயதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வைத்து ஒரு பெரிய கம்பெனிக்காரன் அவள் சொன்ன பதிலைக் கேட்டு, சரியாச் சொன்னீங்க மேடம் என்றான். அந்தச் சரியாச் சொன்னீங்களை மாடியில் போட்டுப் பூட்ட அவளுக்கு மனசில்லை. மாட்டேன். என்ன செய்துவிடுவீர்கள்?

காலில் எறும்பு ஏறியது. பெருவிரலில் ஆரம்பித்துக் கணுக்காலுக்கு வந்து, நின்று, யோசித்து, கடித்தது. குனிய முடியாது, குனிந்தால் முகம் கேமராவைவிட்டுப் போகும். கையைக் கீழே கொண்டுபோகவும் பயம், கீழே என்ன வைத்திருக்கிறாய் என்பார்கள். மற்றக் காலால் தேய்த்துப் பார்த்தாள். மின்விசிறி சத்தம் போடும் என்று அணைத்திருந்ததால் முதுகில் வேர்வை ஓடை வெட்டி இறங்கியது. கேள்வி இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது, மேலே ஓரத்தில் நேரம் தேய்ந்துகொண்டே இருக்கிறது, அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போகிறது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் இதைப் படபடவென்று எழுதிவிட்டு வருகிறதுகள். கூடச் சேர்ந்து படித்த குழுவில் அவளை எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். படிக்க அவளுக்குக் கிடைத்ததெல்லாம் விடியற்காலைச் சமையல்கட்டுதான், போனைச் சர்க்கரை டப்பாவில் சாத்திவைத்துப் பாடம் ஓட, இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டு, கேட்டதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி. வாய்க்குள். அங்கேதான் வந்து நிற்கிறது. படித்ததெல்லாம் உதட்டில் இருக்கிறது, உதட்டையோ கட்டியாயிற்று. கீழுதடு பல்லில் பட்டு எரிந்தது. அடுத்த கேள்வி, ஒரு பணியாளருக்கு எந்த அளவு அனுமதி கொடுக்க வேண்டும்? இது தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், அவரவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பொட்டு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும்? ஒருத்தர் தெரியாமல் கை வைத்தால் மொத்தமும் போகும். அப்படியானால் அவள் வீட்டில் யாருக்கு எவ்வளவு அனுமதி? மதினிக்கு எல்லாக் கதவும் திறக்கும், பீரோவும் பொட்டியும் கடைசியில் பரலோகத்தின் வாசலும். தனசிங்குக்குப் பார்க்க மட்டும் அனுமதி, எதையும் மாற்ற முடியாது. அவளுக்கு ஆமென் சொல்கிற அனுமதி. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உதடு அசையும். மூக்கு வழியாகச் சிரித்துக்கொண்டு, தெரிந்த பதிலை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

அப்போதுதான் முன்னறையில் பாட்டு ஆரம்பித்தது. முதலில் வெறும் முனகல், சாமான் போன வீட்டில் எதிரொலி அதிகம் என்பதால் முனகல்கூட எடுப்பாகக் கேட்டது, பிறகு மெல்ல வார்த்தை சேர்ந்தது. மதினிக்குச் சும்மா உட்காரத் தெரியாது, கை சும்மா இருந்தால் வாய் ஒரு கீர்த்தனையைப் பிடித்துக்கொள்ளும். போச்சு. அக்கா, மெதுவா என்று தனசிங்கின் குரல். அம்மா எழுதுதா அத்தை என்று பெனிட்டா. ஆண்டவரப் பாடுனா எந்தப் பரீட்சைடா ரத்தாகும் என்று மதினி, அதுவும் நல்ல சத்தமாகவே. பெட்டி திறந்தது. அறையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, இது இரண்டாவது எச்சரிக்கை. அவள் கையை விசைப்பலகையில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கதவைத் திறந்து கத்த முடியாது, இங்கிருந்தே கத்த முடியாது, ஏன், வாயைத் திறந்து ஆண்டவரே என்று ஒரு வார்த்தை ஜெபிக்கக்கூட முடியாது. சாகக் கிடக்கிறவனுக்குக்கூட அந்த ஒரு வார்த்தை உண்டு. தனசிங் ஏதோ செய்தான், என்ன செய்தான் என்று தெரியவில்லை, ஒருவேளை அக்காவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருப்பான். பாட்டு நின்றது. இவ்வளவாவது செய்தானே. அவனையும் முழுக்கக் குறை சொல்ல அவளால் முடியாது, நிச்சயதார்த்த ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், அவனும் அதே நேரம் ஒரு கண்ணைத் திறந்து இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு திருட்டுப் பூனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இன்றுவரை அவன் ஜெபத்தில் கண்ணை முழுசாக மூடினதில்லை, அது அவளுக்கு மட்டும் தெரியும். நல்ல மனுஷன். திறந்த கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

கேள்விகள் அதற்குப் பிறகு கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. ஒரே வரியை எத்தனை தடவை படிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கூடம் தீப்பிடித்தால் இன்னொரு கூடத்திலிருந்து வேலை நடக்க வேண்டும். நடக்கட்டும். எவ்வளவு நேரத்துக்குள் நடக்க வேண்டும்? அவசரப்படாதே. ஆறு மாதத்துக்குள் என்றார்கள். ஆறு மாதத்துக்குள். நினைவு அந்த இடத்தில் போய் மாட்டிக்கொண்டது, சேலை முந்தி ஆணியில் மாட்டினதுபோல, இழுக்க இழுக்க அங்கேயே நின்றது. பெயிலானால் ரெண்டு வாரம் கழித்துத் திரும்ப எழுதலாம், அதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி அவசரப்படவில்லை, பரீட்சை நடத்துகிறவர்கள் அவசரப்படவில்லை, கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் தன் வீட்டுப் பின்கட்டைப் பெருக்கிவைத்துச் சாவியோடு காத்திருக்கும் காலேஜ் சிநேகிதி ரோஸ்லின் அவசரப்படவில்லை. அவசரப்படுகிறது ஒரு ஆமென். கேளாத காதால் கேட்டு, அறியாத வாய் சொன்ன ஆமென். சரி, பாஸாகிறோம் என்றே வை. என்ன ஆகும்? ஆண்டவர் சித்தம் என்பாள் மதினி, ஏதோ அவள் சிபாரிசு பண்ணி வாங்கிக்கொடுத்த மாதிரி. அதிகாலைச் சமையல்கட்டும் தேங்காய்த் துருவலும் சர்க்கரை டப்பாவும் எங்கே போகும்? பெயிலானால் மட்டும் அது ஹெப்சிபா படிக்காததால் ஆனது. பாஸானால் ஆண்டவர், பெயிலானால் நான். இது என்ன கணக்கு? அவருக்கு இருக்கிற வேலைக்கு மத்தியில், இந்த நாலு விடையில் எது சரி என்று பார்த்து அதை வைத்து ஒரு லாரிக்கு வழி சொல்வாரா? அப்படிப்பட்டவரையா இத்தனை வருஷமாகக் கும்பிட்டாள்? இல்லை. அவரை அவளுக்குத் தெரியும், மதினிக்குத் தெரிகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் தெரியும். அவர் அப்படிச் சின்ன ஆள் இல்லை. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எரிந்த கண்ணோடு அவள் முடிவுபண்ணினாள், முடிவைத் திரை சொல்வதற்கு முன்னாலேயே பண்ணிவிட வேண்டும், சொன்ன பிறகு பண்ணினால் அது முடிவில்லை, சமாளிப்பு. பாஸானாலும் வலது, பெயிலானாலும் வலது. நினைத்த மாத்திரத்தில் தோள் இறங்கியது, மூச்சு வந்தது. மிச்சக் கேள்விகளில் தெரிந்ததற்குத் தெரிந்தபடி, தெரியாததற்குத் தோன்றினபடி விடை போட்டாள். கடைசிக் கேள்வியில் வேண்டுமென்றே ஒரு தடவை உதட்டை அசைத்துத் தமிழில் படித்துப் பார்த்தாள். பெட்டி திறக்கவில்லை.

முடி என்ற பொத்தானை அழுத்தினாள். நிச்சயம்தானா என்று கேட்டது. நிச்சயம்தான். கேமராவின் விளக்கு அணைந்தது, திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்று யோசித்தது, பிறகு தேர்ச்சி பெறவில்லை என்று சொன்னது. அவள் அதை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே வந்தது. முடிவுபண்ணியது வேறு, வலிக்காமல் இருப்பது வேறு. இவ்வளவு உழைப்புக்கு அந்த வெள்ளைத் திரை ஒரு பாவம் புண்ணியம் பார்த்திருக்கலாம். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், குனிந்து அந்த எறும்பைத் தேடினாள், அது எப்போதோ போய்விட்டிருந்தது. ரெண்டு வாரம் கழித்து உனக்கு இருக்கிறது என்று திரையிடம் சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

கதவைத் திறந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். "பெயிலு" என்றாள். பெனிட்டா வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தனசிங்கின் முகம் செத்துப்போனது. மதினிதான் முதலில் அசைந்தாள், கிட்டே வந்து ஹெப்சிபாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், போட்டும்ட்டி, போட்டும், இதுக்குப் போயி கண்ணு கலங்கலாமா என்றாள். அந்தத் தோளில் பவுடர் வாசனையும் வேர்வையும் அடித்தது, பிள்ளை பெற்றுக் கிடந்த நாளில் அடித்த அதே வாசனை. உண்மையான தோள்தான் அது. ஹெப்சிபாவும் ஒரு நிமிஷம் உண்மையாகவே சாய்ந்திருந்தாள். பிறகு மதினி அவளை விலக்கி நிறுத்தி, எல்லாரும் நில்லுங்க, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புவோம், இருட்டுமுன்ன ஊருக்குப் போயிரலாம் என்றாள். முக்காடு போட்டாள். கைகளை நீட்டினாள், வட்டமாகப் பிடித்துக்கொள்ள. ஹெப்சிபா தன் கையைக் கொடுக்காமல் பெனிட்டாவின் கையை மதினியின் கையில் வைத்தாள். மதினி கண்ணை மூடினாள்.

சபையின் நோயாளிகள் ஆரம்பமானார்கள். முதல் பேரிலேயே ஹெப்சிபா நகர்ந்தாள். மழைக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது, அந்த வரிசை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். செருப்புப் போட்டால் சத்தம் கேட்கும் என்று வெறுங்காலோடு வாசல்படிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். தனசிங்கின் ஒரு கண் திறந்திருந்தது. நிச்சயதார்த்தத்தில் திறந்திருந்த அதே கண். அவளைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, லாரியைப் பார்த்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், ஹெப்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள். தனசிங் அந்தக் கண்ணை மூடினான், கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஜெபத்திலும் மூடாதபடி ரெண்டையும் இறுக்கி மூடிக்கொண்டான். ஹெப்சிபா வெயிலில் இறங்கினாள். தரை சுட்டது. வண்டிக்கு அடியில் கிடந்த டிரைவர் அண்ணாச்சியை எழுப்பி, சிங்காநல்லூர் விலாசத்தை அவர் போனுக்கு அனுப்பி, ரோஸ்லின் நம்பரைக் கொடுத்து, நாங்கள் ராத்திரி ரயிலில் வந்துவிடுவோம் என்றாள். அப்பம் பாஸா யக்கா என்று அவர் முகம் மலர்ந்து கேட்டார். இல்லண்ணாச்சி, நீங்க வண்டிய எடுங்க என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் ஊர் ஒன்று முடிவானதே என்ற நிம்மதியில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

அவள் திரும்பி வந்தபோது உள்ளே மழை ஆரம்பித்திருந்தது, குளங்கள் நிறைய வேண்டும், கிணறுகள் ஊற வேண்டும் என்று மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி உறுமியது. மதினியின் குரல் ஒரு தரம் தட்டுத்தடுமாறி, திரும்பக் குளத்தைப் பிடித்துக்கொண்டது. உறுமல் நகர்ந்தது, தெருமுனைக்குப் போய் ஆரன் அடித்து, வலது பக்கம் திரும்பி, மதுரை ரோட்டின் இரைச்சலில் கலந்தது. மதினி நிறுத்திவிட்டாள். ஜெபத்தின் நடுவில் அவள் நிறுத்தி இந்தக் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள், காலியான தெருவைப் பார்த்தாள், வெறுங்காலோடு நிற்கிற ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

"லாரி எங்கட்டி?"

"கோயம்புத்தூருக்குக் கிளம்பிட்டு மதினி" என்றாள் ஹெப்சிபா. வட்டத்துக்குள் வந்து நின்று, மதினியின் மற்றொரு கையை எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஜெபத்த முடிங்க. இந்தத் தடவ ஆமென் நான் கேட்டுட்டுச் சொல்லுதேன்."